தண்ணீர் பட்டாலே முகம் எரிகிறது: தோலின் ஈர அரண் உடைந்துவிட்டதா?

ஓசூர்க்காரி | ஜனவரி 8, இரவு 10.52

வணக்கம். இரண்டு ஆண்டுகளாக இங்கே மற்றவர்கள் எழுதுவதைப் படித்துக்கொண்டிருந்தேனே தவிர, வாய் திறந்ததில்லை. இன்று வேறு வழியில்லை.

முகத்தில் தண்ணீரை அள்ளி விட்டால் போதும், கன்னம் இரண்டும் மிளகாய் அரைத்த கை பட்டதுபோல் எரிகின்றன. சோப்பு போடவில்லை, வெறும் தண்ணீர்தான். துடைத்து ஐந்து நிமிடம் ஆவதற்குள் தோல் இழுத்துப் பிடிக்கிறது. வாய்விட்டுச் சிரிக்கவே பயமாக இருக்கிறது. ஆனால் மூக்கின் மேல் மட்டும் மதியத்துக்குள் எண்ணெய் வழிகிறது. வறண்ட தோலா, எண்ணெய்த் தோலா என்று எனக்கே தெரியவில்லை.

ஊர் நாகப்பட்டினம் பக்கம். அங்கே இருந்தவரை தேங்காய் எண்ணெயைத் தவிர வேறு எதையும் பூசியதில்லை. ஒன்றரை ஆண்டுக்கு முன் வேலைக்காக ஓசூர் வந்தேன். பகல் முழுக்க ஏசி அறை. வந்த பிறகு காணொளிகளைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாக வாங்கினேன். காலையில் நன்றாக நுரைக்கும் ஃபேஸ்வாஷ், வைட்டமின் சி சீரம். இரவில் மறுபடி ஃபேஸ்வாஷ், ஒருநாள் கிளைகாலிக் அமிலம், மறுநாள் ரெட்டினால். ஞாயிற்றுக்கிழமை வால்நட் ஓட்டுத்தூள் கலந்த ஸ்க்ரப். கன்னத்துக் கருமைக்கு ஒரு களிம்பு. தினமும் நான்கு லிட்டர் தண்ணீர் வேறு குடிக்கிறேன்.

தோழி ஒருத்தி "உன் ஸ்கின் பேரியர் போய்விட்டது" என்கிறாள். அது என்ன பொருள்? போனது திரும்பி வருமா?

பயத்தமாவு | ஜனவரி 8, இரவு 11.20

எல்லாவற்றையும் தூக்கிக் குப்பையில் போடுங்கள். பயத்தமாவும் தயிரும், வாரம் இருமுறை நல்லெண்ணெய்க் குளியலும் போதும். நம் பாட்டிமார் எந்த சீரம் பூசினார்கள்?

சோடாஉப்பு வாத்தியார் | ஜனவரி 9, காலை 6.05

குப்பையில் போடுவது பற்றிப் பிறகு பேசலாம். முதலில் அந்த அம்மா கேட்ட கேள்விக்கு வருவோம்.

சின்ன வயதில் மார்கழிக் காலையில் முழங்காலுக்குக் கீழே நகத்தால் பெயர் எழுதி விளையாடியிருப்பீர்கள். சிலேட்டில் பலப்பம் ஓடியதுபோல் வெள்ளை வெள்ளையாக எழுத்து விழும். ஈரம் இழந்த மேல்படலம் நகம் பட்டதும் செதில் செதிலாக எழும்பி, இடையில் காற்றுப் புகுந்து, வெளிச்சம் சிதறுவதால் வரும் வெள்ளை அது. உங்கள் தோழி சொன்ன பேரியர் இருப்பது அந்தப் படலத்தில்தான். தமிழில் தோல் அரண் என்று வைத்துக்கொள்வோமே.

அதன் தடிமன் உடம்பின் பெரும்பகுதியில் ஒரு மில்லிமீட்டரை நூறாக வகுத்தால் ஒன்றோ இரண்டோ பங்குதான் வரும். அதற்குள் பதினைந்து இருபது வரிசையாகத் தட்டையான இறந்த செல்கள். இறந்தது என்றதும் நமக்கு ஓர் அலட்சியம் வந்துவிடுகிறது. பீர்க்கங்காய் நாரை எடுத்துவிடுகிறோம். உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகிப் போகாமலும், வெளியே இருக்கும் அழுக்கும் கிருமியும் உள்ளே நுழையாமலும் காப்பது இந்த இறந்த படலம்தான்.

சான்பிரான்சிஸ்கோவில் பீட்டர் எலியாஸ் என்ற தோல் மருத்துவர் இதைச் செங்கல் சுவருக்கு ஒப்பிட்டார். செல்கள் செங்கல், அவற்றுக்கு நடுவே அடுக்கடுக்காக இருக்கும் கொழுப்பு, காரை. அந்தக் காரையில் எடைக்கணக்கில் ஏறக்குறையப் பாதி செராமைடு, கால் பங்கு கொலஸ்ட்ரால், மிச்சத்தில் பெரும்பகுதி கொழுப்பு அமிலங்கள். ரத்தப் பரிசோதனைச் சீட்டில் பார்த்து நாம் நடுங்குகிற அதே கொலஸ்ட்ரால்தான், இங்கே கொத்தனார் வேலை பார்க்கிறது.

உங்கள் மூக்கில் வழிவது வேறு எண்ணெய். அது மயிர்க்கால் ஓரத்துச் சுரப்பியிலிருந்து வருவது. மேலே மெழுகியதுபோல் நிற்குமே தவிர, செங்கல் இடுக்கில் காரையாக இறங்காது. அதனால்தான் ஒரே முகத்தில் மூக்கு வழிவதும் கன்னம் வெடிப்பதும் சேர்ந்து நடக்கின்றன. வறண்ட தோலா எண்ணெய்த் தோலா என்ற கேள்விக்கு இரண்டும்தான் என்பது விடை.

செங்கல்லுக்குள்ளும் ஈரம் உண்டு. ஃபிலாக்ரின் என்ற புரதம் சிதைந்து வரும் அமினோ அமிலங்களும், யூரியாவும், லாக்டேட்டும் தண்ணீரைப் பிடித்து வைக்கின்றன. சிலருக்கு இந்தப் புரதத்தைத் தரும் மரபணுவிலேயே பழுது இருக்கும். எக்ஸிமா என்கிற கரப்பான் வகைத் தோல் நோய்க்கு அது ஒரு முக்கியக் காரணம் என்று 2006-இல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் கண்டறிந்தார்கள். ஆனால் உங்கள் ஊரில் இருந்தவரை ஒன்றும் இல்லை என்கிறீர்கள். ஆகவே பிறவிப் பழுதைவிட, சம்பாதித்த பழுதாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

கடைசியாக எரிச்சல். நரம்பு நுனிகள் மேல்தோலுக்குள்ளேயே வந்து முடிகின்றன. சுவரில் விரிசல் விட்டால் வெறும் தண்ணீரும் அங்கே எட்டும். சுரீர் என்கிறது.

ஓசூர்க்காரி | ஜனவரி 9, காலை 8.40

ஐயா, இப்போது முன்னங்கையில் கீறிப் பார்த்தேன். என் பெயரோடு அப்பா பெயரையும் எழுத இடம் இருக்கிறது.

உப்புத்தண்ணீர் | ஜனவரி 9, காலை 9.15

சென்னைப் புறநகரில் பன்னிரண்டு ஆண்டு போர் தண்ணீரில் குளித்தவன் என்ற தகுதியில் எழுதுகிறேன். முதலில் சோப்பைக் கவனியுங்கள். உறையில் டிஎஃப்எம், அதாவது மொத்தக் கொழுப்புச் சத்து, என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். 76 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் முதல் தரம். அதற்குக் கீழே இருப்பதைத் தொடாதீர்கள். நான் மாறிய பிறகு அரிப்பு குறைந்தது.

சோடாஉப்பு வாத்தியார் | ஜனவரி 9, பகல் 1.30

தம்பி, இந்த டிஎஃப்எம் வழிபாட்டை நான் பல இடங்களில் பார்க்கிறேன். அரசின் தர நிர்ணயத்தில் 76, 70, 60 என்று மூன்று தரம் இருப்பது உண்மை. ஆனால் அந்த எண் சொல்வது, சோப்புக்கட்டியில் கொழுப்புச் சத்து எவ்வளவு, சுண்ணாம்பும் மாவுமாக நிரப்பியது எவ்வளவு என்பதை. கரையாமல் நீடிக்குமா, நன்றாக நுரைக்குமா, கொடுத்த காசுக்குச் சோப்பு வந்ததா என்று பார்க்க அது உதவும். தோலுக்கு மென்மையா என்ற கேள்வி அதற்குள் வராது. 76 ஆனாலும் 60 ஆனாலும், கொழுப்பையும் காரத்தையும் சேர்த்துச் செய்த சோப்பின் கரைசல், பிஎச் அளவில் (7 நடுநிலை, அதற்கு மேல் காரம், கீழே புளிப்பு) 9-க்கும் 10-க்கும் இடையில்தான் நிற்கும். நல்ல தோலின் மேற்பரப்போ 5-ஐ ஒட்டிய புளிப்பு. காரையைச் செய்யும் நொதிகள் அந்தப் புளிப்பில்தான் ஒழுங்காக வேலை செய்கின்றன. ஒருமுறை சோப்பு போட்டால் பழைய நிலைக்குத் திரும்ப நேரம் பிடிக்கும். நாளுக்கு நான்கு முறை போட்டால் திரும்பவே விடுவதில்லை.

சிண்டெட் என்ற வகைக் கட்டிகள் இருக்கின்றன. சோப்பே அல்லாத மென்மையான கழுவுபொருளால் செய்தவை. டிஎஃப்எம் கணக்கில் அவை தோற்றுப்போகும். தோலின் கணக்கில் சோப்பைவிட நல்லவை.

போர் தண்ணீர் விஷயத்தில் நீங்கள் சொல்வதை முழுக்க ஏற்கிறேன். பக்கெட்டின் உள்விளிம்பில் பிசுபிசுவென்று ஒரு வெள்ளை வளையம் ஒட்டியிருக்குமே, அது சோப்பும் தண்ணீரிலுள்ள கால்சியம், மக்னீசியமும் சேர்ந்த கரையாத கசடு. பக்கெட்டில் படிவது தோலிலும் படிகிறது. கடினத் தண்ணீரில் கழுவினால் சோப்பும் கழுவுபொருளும் தோலில் கூடுதலாகத் தங்கி உறுத்துகின்றன.

உப்புத்தண்ணீர் | ஜனவரி 9, பகல் 1.52

அப்படியானால் எனக்கு அரிப்பு குறைந்தது எதனால்?

சோடாஉப்பு வாத்தியார் | ஜனவரி 9, பகல் 2.10

அதே சமயத்தில் வேறு ஏதாவது மாறியதா?

உப்புத்தண்ணீர் | ஜனவரி 9, பகல் 2.14

...மெட்ரோ தண்ணீர் இணைப்பு வந்தது.

பயத்தமாவு | ஜனவரி 9, மாலை 5.00

சோப்பைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசுங்கள். எண்ணெயைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லையே? வறட்சிக்கு எண்ணெய்தானே மருந்து? தலையிலிருந்து கால்வரை தேய்த்து ஊறவைத்தால் எந்த அரணும் உடையாது.

இரவுப்பணி மருந்தாளர் | ஜனவரி 9, இரவு 9.30

பயத்தமாவு அக்கா, பழைய சோதனை ஒன்று சொல்கிறேன், கோபிக்கக் கூடாது. 1952-இல் இர்வின் பிளாங்க் என்ற அமெரிக்க ஆய்வாளர், காய்த்துப்போன தோலிலிருந்து சீவி எடுத்த துண்டுகளைக் காயவைத்தார். அப்பளம்போல் நொறுங்கும் நிலை. அவற்றை எண்ணெயில் ஊறப்போட்டார். நாள் கணக்கில் ஊறியும் விறைப்பு விறைப்பாகவே இருந்தது. தண்ணீர் பட்டதும் வளைந்து கொடுத்தது. தோலை மிருதுவாக்குவது தண்ணீர்தான் என்பது அன்று தெரிந்தது.

எண்ணெய்க்கு வேலை இல்லை என்று சொல்லவில்லை. உள்ளே இருக்கும் தண்ணீரைப் போகவிடாமல் மூடுவது அதன் வேலை. அதனால்தான் காய்ந்த காலில் எண்ணெய் தேய்த்தால் பளபளப்பு மட்டும் வருகிறது. குளித்து, உடம்பை ஒற்றி, ஈரம் முழுக்கப் போவதற்குள் தேய்த்தால் மாலைவரை தாங்குகிறது. நம் எண்ணெய்க் குளியலில் வரிசை தலைகீழ். தேய்த்து ஊறவைத்து, பிறகு சீயக்காய் போட்டு அதையே வழித்து எடுத்துவிடுகிறோம். அந்தச் சுகம் வேறு, நானும் சனிக்கிழமை விடுவதில்லை. ஆனால் வறட்சிக்கு வைத்தியமாக வேண்டுமானால், குளித்தபின் இன்னும் நான்கு சொட்டு வேண்டும்.

எண்ணெய் எல்லாம் ஒன்றுமில்லை. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் 2013-இல் சிலருக்கு முன்னங்கையில் சில வாரம் ஆலிவ் எண்ணெய் தேய்த்துப் பார்த்தார்கள். அரண் பலவீனப்பட்டது, தோல் லேசாகச் சிவந்தது. அதில் நிறைய இருக்கும் ஒலியிக் அமிலம் காரையின் அடுக்கைக் குலைப்பது. சூரியகாந்தி எண்ணெய் அப்படிச் செய்யவில்லை. நம் தேங்காய் எண்ணெய்க்கு நல்ல சாட்சி பிலிப்பீன்ஸில் இருக்கிறது: 2014-இல் கரப்பான் வந்த குழந்தைகளுக்குச் செக்கில் ஆட்டியதுபோன்ற சுத்தமான தேங்காய் எண்ணெயை மினரல் எண்ணெயோடு ஒப்பிட்டார்கள். தேங்காய் எண்ணெய் தேய்த்த பிள்ளைகளின் தோலிலிருந்து தண்ணீர் ஆவியாவது கூடுதலாகக் குறைந்தது. ஆனால் முகப்பரு வருகிறவர்கள் அதை முகத்தில் பூசாமல் இருப்பதே நல்லது, துளைகளை அடைக்கும்.

பயத்தமாவு | ஜனவரி 9, இரவு 9.48

தேங்காய் எண்ணெயாவது தேறியதே. கோபமில்லை தம்பி.

கனடாக் குளிர் | ஜனவரி 10, காலை 7.10

டொரண்டோவில் இருந்து எழுதுகிறேன். நாங்கள் யாழ்ப்பாணத்தை விட்டு வந்து முதல் குளிர்காலத்தில் அம்மாவின் முழங்கால் முன்பக்கம் வெயிலில் வெடித்த குளத்து மண்போல் பாளம் பாளமாக வந்தது. சொறிந்து சொறிந்து இரத்தம். வீட்டுக்குள் ஹீட்டர் கதகதப்பாக இருக்க, தோலுக்கு ஏன் இந்தப் பாடு என்று எங்களுக்கு விளங்கவேயில்லை.

கணக்கு எளிது. வெளியே மைனஸ் 15 என்றால், ஒரு கன மீட்டர் காற்றில் ஒன்றரைக் கிராம் அளவுக்குத்தான் நீராவி நிற்கும். அதே காற்றை வீட்டுக்குள் எடுத்து 22 டிகிரிக்குச் சூடாக்கினால் 19 கிராம் வரை பிடிக்கக்கூடிய காற்றாக மாறிவிடுகிறது. இருப்பது ஒன்றரை, பசி பத்தொன்பதுக்கு. மிச்சத்தைக் கிடைத்த இடத்தில் உறிஞ்சும். அம்மாவின் கால் கிடைத்தது.

தங்கச்சி, உங்கள் ஏசி அறையும் இதற்குத் தம்பி முறை. பின்னால் குழாயில் சொட்டுச் சொட்டாக வடிகிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது? நீங்கள் இருக்கும் அறையின் காற்றிலிருந்துதான். நாகப்பட்டினத்துக் கடற்காற்றில் வளர்ந்த தோலை, மழைக்காலம் முடிந்த மலைமேட்டுக்கும் ஏசிக்கும் நடுவில் கொண்டுபோய் வைத்திருக்கிறீர்கள்.

அம்மாவுக்குக் குடும்ப மருத்துவர் சொன்னது மூன்று. குளியல் வெதுவெதுப்பான தண்ணீரில், பத்து நிமிடத்துக்குள். துவாயால் தேய்க்காமல் ஒற்றி எடுப்பது. உடனே கிளிசரின் உள்ள கிரீம், வெடித்த இடத்தில் அதன்மேல் பெட்ரோலியம் ஜெல்லி. கிளிசரின் தண்ணீரைப் பிடிக்கும், ஜெல்லி வாசலைப் பூட்டும். இரண்டு கிழமையில் கால் காலாக வந்தது. சுடுதண்ணீரில் நீண்ட நேரம் நிற்கிற சுகத்தை விடத்தான் அம்மா சண்டை பிடித்தார். இன்றைக்கும் பிடிக்கிறார்.

ஓசூர்க்காரி | ஜனவரி 10, இரவு 8.25

அப்படியானால் நான்கு லிட்டர் தண்ணீர் குடிப்பது?

சோடாஉப்பு வாத்தியார் | ஜனவரி 10, இரவு 9.00

சிறுநீரகத்துக்கு வேலை. உடம்பில் தண்ணீர் வற்றிப்போனவருக்குத் தோலும் வாடும். மற்றபடி குடிக்கிற தண்ணீரை ஓட்டைக் குடத்தில் ஊற்றி என்ன பயன்? 1929-இல் பர் தம்பதி, ஜார்ஜும் மில்ட்ரெடும், எலிகளுக்குக் கொழுப்பே இல்லாத உணவைக் கொடுத்து வளர்த்தார்கள். வாலும் பாதமும் செதில் செதிலாயின. அந்த எலிகள் வழக்கத்தைவிட நிறையத் தண்ணீர் குடித்தன. அப்படியும் தேறவில்லை. லினோலியிக் அமிலம் உள்ள கொழுப்பைக் கொடுத்ததும் தேறின. செராமைடு செய்ய அது வேண்டும். சூரியகாந்தி எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் அது நிறைய உண்டு. தாளிக்கிற வீட்டில் குறைவு வராது, கவலை வேண்டாம்.

பிள்ளைக்காரி | ஜனவரி 11, காலை 10.10

இடையில் நுழைகிறேன், மன்னிக்கவும். மூன்று மாதக் குழந்தை. தோல் நன்றாகவே இருக்கிறது. கரப்பான் வராமல் இருக்க இப்போதே தினமும் மாய்ஸ்சரைசர் பூச வேண்டுமா? மாமியார் வேண்டாம் என்கிறார்.

இரவுப்பணி மருந்தாளர் | ஜனவரி 11, காலை 11.30

இந்த முறை மாமியார் பக்கம்தான் சாட்சி. பிரிட்டனில் கரப்பான் வரும் வாய்ப்பு அதிகமுள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளில் ஒரு பாதிக்குப் பிறந்ததிலிருந்து தினமும் பூசிப் பார்த்து 2020-இல் முடிவை வெளியிட்டார்கள். கரப்பானைத் தடுக்கவில்லை. தோல் காய்ந்திருந்தால் பூசுங்கள்; இல்லையென்றால் சோப்பைக் குறைத்தாலே போதும். கடுகெண்ணெய் மட்டும் வேண்டாம்.

இப்போது ஓசூர்க்காரி அவர்களுக்கு. இரண்டு நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டு வருகிறேன். எல்லாரும் சோப்பையும் ஏசியையும் பிடித்துக்கொண்டோம். நீங்களோ "கன்னத்துக் கருமைக்கு ஒரு களிம்பு" என்று ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். அந்த ட்யூபின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதை அப்படியே இங்கே எழுதுங்கள். விற்பனைப் பெயர் வேண்டாம்.

ஓசூர்க்காரி | ஜனவரி 11, பகல் 12.45

ஹைட்ரோகுவினோன் 2 சதவீதம், ட்ரெடினாயின் 0.025, மொமெட்டசோன் 0.1.

வீட்டருகே இருக்கும் மருந்துக்கடையில் கன்னத்தைக் காட்டிக் கேட்டபோது கொடுத்தார்கள். சீட்டு கேட்கவில்லை. இரண்டே வாரத்தில் முகம் பளிச்சென்று ஆனது. அலுவலகத்தில் எல்லாரும் கேட்டார்கள். பதினோரு மாதமாகப் பூசுகிறேன். நடுவில் இரண்டு முறை நிறுத்திப் பார்த்தேன். மூன்றாம் நாளே சிவந்து, தடித்து, அரிப்பு. மறுபடி பூசினால் அடங்கிவிடும். அதனால் இது நல்ல மருந்து என்றல்லவா நினைத்தேன்?

இரவுப்பணி மருந்தாளர் | ஜனவரி 11, பகல் 1.20

நான் பயந்தது இதைத்தான். கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று பதினைந்து ஆண்டாக இந்த ட்யூபைப் பார்க்கிறவன், என் தொழிலின் தவறையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஹைட்ரோகுவினோன் கருமையை மங்கவைப்பது, ட்ரெடினாயின் வைட்டமின் ஏ வகை, மொமெட்டசோன் ஒரு ஸ்டீராய்டு. இந்த மூன்று மருந்துக் கூட்டுக்குத் தாத்தா 1975-இல் ஆல்பர்ட் கிளிக்மன் வெளியிட்ட செய்முறை: ஹைட்ரோகுவினோன், ட்ரெடினாயின், டெக்ஸாமெத்தசோன். மங்கு போன்ற கருந்திட்டுக்கு, மருத்துவர் பார்வையில், சில வாரம் பூசிவிட்டு நிறுத்த வேண்டியது. நம் ஊரில் அதைச் சிவப்பழகுக் கிரீம்போல் மாதக்கணக்கில் பூசுகிறார்கள்.

ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் அடக்கும். கூடவே, தோல் தன் காரையைத் தானே செய்துகொள்ளும் வேலையையும் மந்தமாக்கும். நாள்பட்டால் தோல் மெலிந்து, கன்னத்தில் மெல்லிய ரத்தக்குழாய்கள் வலைபோலத் தெரியும். நிறுத்தியதும் அடக்கி வைத்ததெல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பும். அதைப் பார்த்து மருந்து தீர்ந்ததால் நோய் திரும்பியது என்று நினைத்து மீண்டும் பூசுவது, கடனை அடைக்கக் கடன் வாங்குவது மாதிரி. ஸ்டீராய்டால் கெட்ட முகம் என்றே இந்தியத் தோல் மருத்துவர்கள் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், அவ்வளவு பேர் வருகிறார்கள். 2018-இல் மேலே பூசும் ஸ்டீராய்டுகள் பலவற்றை மருத்துவர் சீட்டு கட்டாயமான அட்டவணைக்குள் அரசு கொண்டுவந்தது. சட்டம் தாளில் இருக்கிறது. ட்யூப் கவுண்டரில் இருக்கிறது.

போதாததற்கு, ட்ரெடினாயினுக்கு மேல் ரெட்டினால், இரண்டும் ஒரே குடும்பம். அதன்மேல் மேல்படலத்தை உரிக்கும் கிளைகாலிக் அமிலம். அதன்மேல் வால்நட் ஓடு. காரை கலக்க விடாமல் கொத்தனாரைக் கட்டிப்போட்டுவிட்டு, தினமும் இரவு சுவரைச் சுரண்டியிருக்கிறீர்கள்.

இப்போது செய்ய வேண்டியது: அமிலம், ரெட்டினால், வைட்டமின் சி, ஸ்க்ரப், நுரைக்கும் ஃபேஸ்வாஷ், ஐந்தையும் இன்றிரவே நிறுத்தலாம். களிம்பை மட்டும் நீங்களாகக் கையாளாதீர்கள். ட்யூபைக் கையோடு எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள். பதினோரு மாதம் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். எப்படிக் குறைப்பது, இடையில் வரும் சிவப்புக்கு என்ன கொடுப்பது என்பதெல்லாம் முகத்தைப் பார்த்துச் செய்ய வேண்டியவை. இங்கே தட்டச்சு செய்து தீராது.

பயத்தமாவு | ஜனவரி 11, பகல் 2.05

கண்ணு, பயப்படாதே. நான் முதல் நாள் சொன்னதையும் இப்போதைக்கு விட்டுவிடு. உடைந்த தோலில் மாவைத் தேய்ப்பதும் ஒருவகையில் உப்புத்தாள்தான். என் அக்கா மகள் இதே ட்யூபை இரண்டு வருடம் பூசினாள். தேறிவிட்டாள். நாள் பிடித்தது.

உப்புத்தண்ணீர் | ஜனவரி 11, மாலை 6.40

மருந்தாளரே, செராமைடு கிரீம் என்று எண்ணூறு ரூபாய்க்கு விற்கிறார்களே, காரைதானே போயிருக்கிறது, அதையே வாங்கிப் பூசிவிட்டால்?

இரவுப்பணி மருந்தாளர் | ஜனவரி 11, இரவு 10.15

பூசலாம், சிலருக்கு நன்றாகவே கேட்கிறது. ஆனால் எலியாஸ் குழுவினர் 1993-இல் ஒன்று கண்டார்கள்: மூன்று கொழுப்பில் ஒன்றை மட்டும் பூசினால் அரண் ஆறுவது தாமதப்பட்டது, மூன்றையும் சேர்த்துப் பூசினால்தான் ஒழுங்காக ஆறியது. செங்கல் சுவருக்குச் சிமெண்டை மட்டும் கொட்டினால் நிற்குமா? ஆகவே முகப்பில் பெரிய எழுத்தில் செராமைடு என்று இருப்பதைவிட, பின்பக்கப் பட்டியலில் கொலஸ்ட்ராலும் கொழுப்பு அமிலமும் கூட வருகின்றனவா, வாசனைப்பொருள் இல்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பட்டியலின் கடைசியில் பெயருக்கு ஒரு துளி செராமைடு இருந்தால் எண்ணூறு ரூபாய் அந்தப் பெயருக்குத்தான்.

காசு இல்லையென்றால் கிளிசரின் கலந்த சாதாரண கிரீமும், மேலே மெல்லிசாகப் பெட்ரோலியம் ஜெல்லியும் அவமானமில்லை. ஜெல்லியைப்போல் தண்ணீர் இழப்பைத் தடுக்கும் பொருள் அந்த அலமாரியிலேயே வேறு கிடையாது. அளவும் முக்கியம். ஆள்காட்டி விரலின் கடைசிக் கணு நீளத்துக்குப் பிதுக்கினால் ஏறக்குறைய அரைக் கிராம். அது விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு வரும். நம்மவர்கள் குங்குமம் வைக்கிற அளவில் எடுத்து முகம் முழுக்க இழுக்கிறார்கள்.

யூரியா கலந்த கிரீம் பித்தவெடிப்புக்கு நல்லது, எரிகிற முகத்தில் வேண்டாம்.

ஓசூர்க்காரி | மார்ச் 2, இரவு 9.35

யாராவது நினைவில் வைத்திருப்பீர்களா என்று தெரியவில்லை. ஓசூர் முகம்தான்.

மறுநாளே தோல் மருத்துவரிடம் போனேன். ட்யூபை மேசைமேல் வைத்ததும், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே "எத்தனை மாதம்?" என்றார். படிப்படியாகக் குறைக்கச் சொல்லி, வேறொரு மருந்தும் கொடுத்தார். ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் பெயரை இங்கே எழுதவில்லை. வெயிலில் போகும்போது சன்ஸ்கிரீனும் குடையும். மற்றபடி காலையில் வெறும் தண்ணீர், இரவில் நுரைக்காத கிளென்சர், ஈரம் போவதற்குள் கிரீம்.

இரண்டாவது, மூன்றாவது வாரம் மோசம். முகம் தக்காளி மாதிரி. மேலாளர் கூப்பிட்டு விடுமுறை வேண்டுமா என்றார். இரவில் கண்ணாடியைத் துணி போட்டு மூடிவிட்டேன், பார்த்தால் கை தானாகப் பழைய ட்யூபைத் தேடும். அதை அம்மாவிடம் கொடுத்து அரிசி டின்னில் ஒளித்து வைக்கச் சொன்னேன். நான்காவது வாரம் செதில் உதிர்ந்தது. ஆறாவது வாரத்தில் ஒரு காலை, வாளித் தண்ணீரை இரண்டு கையாலும் அள்ளி முகத்தில் விட்டேன். குளிர்ந்தது. எரியவில்லை. இன்னொரு முறை அள்ளி விட்டுப் பார்த்தேன்.

கன்னத்துக் கருமை அப்படியே இருக்கிறது. அதை அப்புறம் பார்ப்போம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். சிவப்பு முழுக்கப் போகவில்லை, வெயிலில் நடந்தால் எழும்புகிறது. இன்னும் சில மாதம் ஆகலாமாம்.

சோடாஉப்பு வாத்தியார் | மார்ச் 3, காலை 5.50

நல்லது அம்மா. கையில் எழுதிப் பார்த்தீர்களா?

ஓசூர்க்காரி | மார்ச் 3, காலை 8.15

பார்த்தேன் ஐயா. முதல் எழுத்து மட்டும் மங்கலாக விழுகிறது.

பிள்ளைக்காரி | மார்ச் 3, பகல் 11.05

அக்கா, அந்த வால்நட் ஸ்க்ரப் மிச்சம் இருந்ததா? முழு டப்பா என்னிடமும் இருக்கிறது, எறிய மனமில்லை.

ஓசூர்க்காரி | மார்ச் 3, பகல் 1.10

அடிப்பிடித்த குக்கருக்குப் போட்டுத் தேய்த்தேன். பளிச்சென்று வந்தது.